நேராகவே சொல்லியிருக்கலாமே? அறிவொளிக் காலத்து அங்கதம் பற்றி

கேள்வி இதுதான்: "18ஆம் நூற்றாண்டில், அறிவொளிக் காலம் என்று சொல்கிறார்களே, அப்போது ஸ்விஃப்ட், வால்டேர் போன்றவர்கள் சமூகத்தைக் கண்டிக்க ஏன் அங்கதத்தைக் கையில் எடுத்தார்கள்? சொல்ல வேண்டியதை நேராகவே சொல்லியிருக்கலாமே? ஏழைக் குழந்தைகளைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று எழுதுவது எப்படிச் சமூக விமர்சனம் ஆகும்? அதனால் ஏதாவது மாறியதா?"

நேராகவும் சொன்னார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். அங்கதம், அதாவது கேலி வழியாகக் கண்டிக்கும் எழுத்து, எழுதியவர் என்று நாம் பட்டியலில் வைத்திருக்கும் பலரும் கட்டுரை, கடிதம், மனு, துண்டுப்பிரசுரம் என்று நேரடியாகவும் நிறைய எழுதியிருக்கிறார்கள். எப்போது நேராகப் பேசினார்கள், எப்போது வேறொருவர் குரலை எடுத்துக்கொண்டார்கள் என்று கவனித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

இந்த இரண்டு வழிகளும் தமிழுக்குப் புதியவை அல்ல. தொல்காப்பியமே அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வசைபாடுவது செம்பொருள் அங்கதம். சொல்ல வந்ததை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் பாடினாரே, புகழ்வதுபோல் இகழும் அது இரண்டாவது வகை. நான் இங்கே பேசப்போகும் ஐரோப்பிய நூல்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஔவையார் பாட்டில் பேசுவது ஔவையாரே. குழந்தைகளைச் சாப்பிடச் சொல்லும் ஸ்விஃப்டின் கட்டுரையில் பேசுவது ஸ்விஃப்ட் அல்ல, அவர் யாரை எதிர்த்தாரோ அந்த ஆள்.

சட்டத்துக்குப் பயந்துதான் மறைத்து எழுதினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பிரான்சில் அச்சிடுவதற்கு முன்பே அரசாங்கத் தணிக்கையாளரின் அனுமதி வேண்டும். ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசரைக் கேலி செய்து கவிதை எழுதியதற்காக 1717இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பாஸ்டில் சிறைக்குப் போய்ப் பதினோரு மாதம் இருந்தார். இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ 1749இல் வான்சேன் கோட்டையில் அடைக்கப்பட்டார். இங்கிலாந்தில் முன்தணிக்கைச் சட்டம் 1695இலேயே காலாவதியாகிவிட்டது. ஆனாலும் அரசுக்கு எதிரான அவதூறு என்று வழக்குப் போடலாம். நாடகத்துக்கு நிலைமை இன்னும் மோசம். திருடர்களை வைத்து அன்றைய பிரதமர் வால்போலைக் கிண்டல் செய்த ஜான் கேயின் 'பிச்சைக்காரர்களின் இசைநாடகம்' 1728இல் லண்டனில் 62 நாட்கள் ஓடியது. அதன் தொடர்ச்சியை மேடையேற்ற அனுமதி கிடைக்கவில்லை. 1737இல் நாடகங்களுக்கென்றே தணிக்கைச் சட்டம் வந்துவிட்டது.

சரி, இது ஒரு காரணம். ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால், ஒரு விஷயத்தை விளக்க முடியாது. அங்கதத்தை எழுதியதைவிட ஆபத்தான நேரத்தில் அதே ஸ்விஃப்ட் பச்சையாக எழுதியிருக்கிறார்.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1667இல் டப்ளினில் பிறந்தவர். 1713 முதல் அங்கே புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு. அயர்லாந்து அப்போது பெயரளவில் தனி நாடு. அதற்கென்று ஒரு நாடாளுமன்றமும் இருந்தது. நடைமுறையில் எல்லாம் லண்டன் சொல்வதுதான். 1699இல் இங்கிலாந்து போட்ட ஒரு சட்டம் அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதியை முடக்கிப்போட்டது. நிலச்சுவான்தார்களில் பலர் லண்டனில் குடியிருந்துகொண்டு குத்தகைப் பணத்தை மட்டும் வரவழைத்துக்கொண்டார்கள். பெரும்பான்மைக் கத்தோலிக்கர்களுக்கு நிலம் வாங்கும் உரிமை உட்படப் பல உரிமைகள் இல்லை.

1722இல் வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய வியாபாரிக்கு அயர்லாந்துக்கான செப்புக்காசு அடிக்கும் உரிமை கிடைத்தது. அரசரின் காதலிக்குப் பணம் கொடுத்து வாங்கிய உரிமை அது. மதிப்பு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். அயர்லாந்து நாடாளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1724இல் ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் பெயரில் கடிதங்களாக வெளியிட ஆரம்பித்தார். பெயர்தான் புனைவு. உள்ளே இருந்தது கடைத்தெருவில் யாருக்கும் புரியும் பேச்சு. இந்தக் காசை வாங்காதீர்கள், உங்களை வாங்கச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை, வாங்கினால் கடைசியில் உங்கள் கையில் நிற்பது வெறும் செம்பு. நான்காவது கடிதத்தை எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. எழுதியது யார் என்று டப்ளின் முழுவதும் தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அச்சிட்டவர் சிறைக்குப் போனார். 1725இல் வுட்டின் உரிமை ரத்தானது.

தலைக்கு விலை வைக்கப்பட்ட நேரத்தில் ஸ்விஃப்ட் எழுதியது இப்படி. காரணம், அங்கே கேட்கப்பட்டது ஒரே ஒரு காரியம்: காசை வாங்காதே. அதை ஒரு கடைக்காரரால் மறுநாள் காலையே செய்ய முடியும். தெளிவாகச் சொன்னால் போதும், சொன்னார், நடந்தது.

அப்புறம்தான் 1729. தொடர்ந்து மூன்று வருடம் விளைச்சல் மோசம். டப்ளின் தெருக்களில் கைக்குழந்தைகளோடு பிச்சையெடுக்கும் பெண்கள். இந்த முறை ஒரு வுட் இல்லை, கைவிடச் சொல்ல ஒரு காசு இல்லை. குத்தகை வசூலிப்பவர், வெளிநாட்டுப் பட்டு உடுத்துபவர், லண்டனில் இருக்கும் அமைச்சர், பிச்சைக்காரரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு நடப்பவர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். ஸ்விஃப்ட் 1720இலிருந்தே உள்நாட்டுத் துணியை உடுத்துங்கள் என்று எழுதிவந்தார். அந்தப் பிரசுரத்தை அச்சிட்டவர் மீதும் வழக்குப் போட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து, ஆசிரியர் பெயர் இல்லாமல், டப்ளினில் 'ஒரு பணிவான யோசனை' வெளிவந்தது.

இதில் பேசுபவர் நாட்டு நலனில் அக்கறையுள்ள, கணக்குத் தெரிந்த, பண்பான ஒரு கனவான். தெருவில் பிச்சைக்காரப் பெண்களைப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் தொடங்குகிறார். படிப்பவர் தலையாட்டுவார். பிறகு கணக்குப் போடுகிறார். நாட்டின் மக்கள்தொகை 15 லட்சம். அதில் பிள்ளை பெறும் நிலையிலுள்ள தம்பதிகள் இரண்டு லட்சம். பிள்ளைகளைக் காப்பாற்ற வசதியுள்ள 30,000 தம்பதிகளைக் கழித்துவிடுங்கள். கருச்சிதைவுக்கும், ஒரு வயதுக்குள் நோயில் சாகும் குழந்தைகளுக்கும் 50,000 கழியுங்கள். ஆக, வருடத்துக்கு ஏழை வீடுகளில் 1,20,000 குழந்தைகள். இவர்களை என்ன செய்வது? 20,000 குழந்தைகளை இனவிருத்திக்கு ஒதுக்கலாம், அதில் கால்பங்கு ஆண் இருந்தால் போதும். மீதி ஒரு லட்சம் குழந்தைகளை ஒரு வயதானதும் வசதியானவர்களுக்கு விற்றுவிடலாம். பிறக்கும்போது 12 பவுண்டு எடை இருக்கும் குழந்தை, ஒழுங்காகப் பாலூட்டினால் ஒரு வருடத்தில் 28 பவுண்டு வரும். வளர்க்க ஆகும் செலவு இரண்டு ஷில்லிங் (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). விலை பத்து ஷில்லிங். தாய்க்கு நிகர லாபம் எட்டு ஷில்லிங்.

அந்த இடத்தில் முதன்முறை படிப்பவருக்கு வயிறு புரளும். திரும்பிப் போய் முந்தைய பத்திகளைப் படித்தால், யோசனையைச் சொல்வதற்கு வெகு முன்பே அந்தக் கனவான் மனிதர்களை மாடாக்கிவிட்டார் என்று தெரியும். தாய்மார்களைக் குறிக்க அவர் எடுத்த ஆங்கிலச் சொல் கால்நடை வளர்ப்பில் புழங்குவது. பிறந்த குழந்தைக்கும் அப்படித்தான், நாம் 'மாடு ஈன்றது' என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சொல். அதைப் படித்தபோது நமக்கு உறுத்தவில்லை. கணக்கின் ஓட்டத்தோடு போய்விட்டோம். ஸ்விஃப்ட் நம்மைப் பிடிப்பது அங்கேதான். உங்களுக்கு அதிர்ச்சி தந்தது சமையல் குறிப்பு, ஆனால் அதற்கு முன்பே ஒரு மனிதக் கூட்டத்தைத் தலையெண்ணிக் கழித்துக் கூட்டியபோது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று அவர் கேட்காமல் கேட்கிறார்.

இந்தக் கணக்குக் குரலை அவர் கற்பனையில் உருவாக்கவும் இல்லை. அந்தத் தலைமுறையில் நாட்டு மக்களை எண்ணிக்கையாகவும் பவுண்டாகவும் மாற்றித் திட்டம் போடும் ஒரு துறையே வளர்ந்திருந்தது. அதன் முன்னோடி வில்லியம் பெட்டி, அயர்லாந்து நிலங்களை அளந்து வரைபடமாக்கியவர். 1691இல், அவர் இறந்தபின் வெளிவந்த அயர்லாந்து பற்றிய நூலில், முந்தைய போர்களில் மாண்டவர்களின் மதிப்பைக் கணக்கிடும் ஓர் இடம் வருகிறது. அடிமைகளுக்கு வழக்கமாக வைக்கும் விலையை எடுத்துக்கொண்டு, சராசரியாகத் தலைக்கு 15 பவுண்டு, ஆண்களுக்கு 25, குழந்தைகளுக்கு 5 என்று போட்டிருக்கிறார். அவர் அதைக் கிண்டலாக எழுதவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்விஃப்டின் பத்து ஷில்லிங்கைப் படித்துப் பாருங்கள். அவர் மிகையாகச் சொன்னார் என்று சொல்ல நா எழாது.

கட்டுரையில் மூன்று இடங்களை நான் மாணவர்களோடு எப்போதும் நின்று படிப்பேன். ஒன்று, இந்த உணவு கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆகவே நிலச்சுவான்தார்களுக்கே ஏற்றது, பெற்றோரில் பெரும்பாலானவர்களை ஏற்கெனவே அவர்கள் விழுங்கிவிட்டதால் பிள்ளைகள் மீதும் அவர்களுக்கே முதல் உரிமை என்று வரும் இடம். ஏழையை விழுங்குவது என்ற உவமை ஆங்கிலத்திலும் பழையது, நம் மொழியிலும் பழையது. 'ஊரை அடித்து உலையில் போட்டான்' என்கிறோம், சொல்லும்போது உலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்விஃப்ட் அந்த உலையை மூட்டிக் காட்டுகிறார்.

இரண்டாவது, வயதானவர்களையும் நோயாளிகளையும் முடமானவர்களையும் என்ன செய்வது என்று சிலர் கவலைப்படுகிறார்கள், எனக்கு அந்தக் கவலையே இல்லை, அவர்கள் குளிரிலும் பசியிலும் அழுக்கிலும் எதிர்பார்க்கக்கூடிய வேகத்தில் தினமும் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்கிறார் அந்தக் கனவான். இந்த வாக்கியத்தில் கற்பனை ஒரு துளியும் இல்லை. தெருவில் நடந்துகொண்டிருந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். நூறு கற்பனைகளுக்கு நடுவே ஒரு செய்தி.

மூன்றாவது இடம் கடைசிக்குச் சற்று முன்னால் வருகிறது. வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேச வராதீர்கள் என்று சொல்லி அவர் ஒரு பட்டியல் தருகிறார். வெளிநாட்டில் குடியிருக்கும் நிலச்சுவான்தார்கள் மீது பவுண்டுக்கு ஐந்து ஷில்லிங் வரி போடுவது, உள்நாட்டில் விளைந்ததையும் நெய்ததையும் மட்டும் பயன்படுத்துவது, குத்தகைதாரர்களிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்ட நிலச்சுவான்தார்களுக்குக் கற்றுக்கொடுப்பது. எல்லாமே ஸ்விஃப்டின் சொந்தக் கருத்துகள், அவரே பல வருடமாக நேரடியாக எழுதிவந்தவை. இப்போது அவற்றை நடக்காத காரியம் என்று தள்ளுவதற்காக மட்டும் எடுத்துச் சொல்கிறார். பல வருடம் வீணான யோசனைகளைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், நம்பிக்கையே இழந்த பிறகுதான் இந்த யோசனை கிடைத்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் கனவானின் குரலும் ஸ்விஃப்டின் குரலும் ஒன்றாகிவிடுகின்றன. எத்தனை முறை படித்தாலும் அங்கே எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆக, நேராகச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்விக்கு ஸ்விஃப்டே பதில் எழுதி வைத்திருக்கிறார். சொல்லிப் பார்த்தேன், ஒன்பது வருடம் சொன்னேன் என்கிறார். செய்ய வேண்டியது இன்னது என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறபோது இந்த எழுத்தாளர்கள் நேராகப் பேசினார்கள். தவறு எல்லாருடைய பழக்கத்திலும் எல்லாருடைய பேச்சிலும் ஊறிப்போய், அது தவறென்றே கண்ணுக்குத் தெரியாதபோது அங்கதத்துக்குப் போனார்கள். அங்கே கண்டிக்கப்படுவது தனி ஆள் அல்ல, எல்லாரும் நியாயம் என்று ஒத்துக்கொண்ட ஒரு பேச்சுமுறை. அதை வெளியிலிருந்து எதிர்த்துப் பேசினால் காதில் ஏறாது. அதே பேச்சைப் பேசி, அது போய்ச் சேரும் இடம்வரை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

1726இல் வந்த 'கலிவரின் பயணங்கள்' நூலிலும் இதே முறைதான். நம் ஊரில் அது சிறுவர் கதையாகச் சுருங்கிவிட்டது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்ற சண்டையில் 11,000 பேர் உயிரை விட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். இரண்டாம் பாகத்தில் ராட்சதர்களின் அரசரிடம் கலிவர் வெடிமருந்து செய்யும் ரகசியத்தைச் சொல்லித்தர முன்வரும் இடம் அதைவிடக் கனமானது. நகரத்தையே தகர்க்கலாம், உடல்கள் சிதறும் என்று பெருமையாக விவரிக்கிறார். அரசர் நடுங்கிப்போய், உயிர் மேல் ஆசை இருந்தால் இனி இதைப் பற்றி வாயே திறக்காதே என்கிறார். இவ்வளவு நல்ல வாய்ப்பை விட்டுவிட்டாரே, என்ன குறுகிய மனம் என்று கலிவர் வியக்கிறார். இங்கேயும் பேசுபவர் நாம் நம்பி வந்த ஆள். அவர் வாயிலிருந்து வருவது ஐரோப்பாவின் அன்றாடப் பேச்சு.

பிரான்சுக்கு வருகிறேன். மாண்டெஸ்கியூ போர்தோ நகர நீதிமன்றத்தில் நீதிபதி. 1721இல், 32 வயதில், பெயர் போடாமல் ஆம்ஸ்டர்டாமில் 'பாரசீகக் கடிதங்கள்' நூலை வெளியிட்டார். பாரிசுக்கு வந்த இரண்டு பாரசீகர்கள் ஊருக்கு எழுதும் கடிதங்கள். தன் சமூகத்தைக் கண்டிக்க வெளியூர்க்காரன் கண்ணை இரவல் வாங்குவது அவருடைய வழி. பிரெஞ்சு அரசர் ஒரு பெரிய மந்திரவாதி, பணம் இல்லாதபோது ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டி இதுதான் பணம் என்றால் மக்கள் நம்புகிறார்கள் என்று ஒரு கடிதம் சொல்கிறது. முந்தைய வருடம்தான் பிரான்சில் ஜான் லா என்ற நிதியாளரின் காகிதப் பணத் திட்டம் சரிந்து பலர் சொத்தை இழந்திருந்தார்கள். படித்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

இன்னொரு கடிதத்தில் ரிகா என்ற பாரசீகர் தன் நாட்டு உடையில் தெருவில் நடந்தால் பாரிசே திரண்டு வேடிக்கை பார்க்கிறது. ஐரோப்பிய உடைக்கு மாறியதும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாராவது இவர் பாரசீகர் என்று சொன்னால் மட்டும் உடனே ஒரு முணுமுணுப்பு எழுகிறது: ஐயா பாரசீகரா! எப்படி ஒருவர் பாரசீகராக இருக்க முடியும்? வெளிநாட்டில் வாழ்ந்த எந்தத் தமிழரும் இதன் ஏதோ ஒரு வடிவத்தைக் கேட்டிருப்பார்.

ஆனால் இந்த நூலில் என்னை அதிகம் பாதித்தது உஸ்பெக் என்ற மற்றவர். ஐரோப்பாவின் கொடுங்கோன்மையை அவர் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறார்! வீட்டிலோ தன் அந்தப்புரத்துப் பெண்களைக் காவலர்களை வைத்து அடைத்துவைத்திருக்கிறார். கடைசிக் கடிதம் அவர் மனைவி ரொக்ஸானா எழுதுவது. விஷம் குடித்துவிட்டு எழுதுகிறாள்: அடிமையாக வாழ்ந்திருக்கலாம், ஆனால் நான் எப்போதும் சுதந்திரமாகவே இருந்தேன். அதுவரை நாம் யாருடைய கண்ணால் பார்த்துவந்தோமோ அந்தக் கண்ணே குருடு என்று அந்தக் கடிதம் காட்டிவிடுகிறது.

அதே மாண்டெஸ்கியூ 1748இல் 'சட்டங்களின் ஆன்மா' என்ற பெரிய ஆய்வு நூலை எழுதினார். முழுக்க நேரடியான நூல். ஆனால் ஆப்பிரிக்கர்களை அடிமையாக்குவது பற்றிய ஒரு சிறு அத்தியாயத்தில் மட்டும் நடை மாறுகிறது. நமக்கு இந்த உரிமை உண்டு என்று நான் வாதாட வேண்டியிருந்தால் இப்படிச் சொல்வேன் என்று ஆரம்பித்து, அடிமைகள் இல்லாவிட்டால் சர்க்கரை விலை ஏறிவிடும் என்று எழுதுகிறார். இவர்கள் மனிதர்கள் என்று நாம் ஒத்துக்கொள்ள முடியாது, ஒத்துக்கொண்டால் நாம் கிறிஸ்தவர்களே இல்லையோ என்ற சந்தேகம் வந்துவிடும் என்றும் எழுதுகிறார். அவருடைய போர்தோ, தீவுச் சர்க்கரையாலும் அடிமை வணிகத்தாலும் கொழித்த துறைமுகம். அண்டை வீட்டுக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் பேசிய பேச்சைத்தான் அவர் எழுத்தில் வைத்தார். இந்த அத்தியாயத்தை அடிமைமுறைக்கு ஆதரவு என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. மறைத்துச் சொல்வதில் இந்த அபாயம் எப்போதும் இருக்கிறது.

பதினோரு வருடம் கழித்து, அதே சர்க்கரை வால்டேரிடம் வருகிறது. 'காண்டீட்' என்ற அவருடைய கதை 1759இன் தொடக்கத்தில், ரால்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்ற பொய்ப்பெயரோடு பல நகரங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியானது. ஜெனீவாவில் எரித்தார்கள், பாரிசில் பறிமுதல் செய்தார்கள், ஆனாலும் முதல் வருடத்திலேயே இருபதாயிரத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவம் அப்போது செல்வாக்காக இருந்தது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள் காலையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்திலும் கடல் அலையிலும் தீயிலும் அழிந்தது. வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் மேல் கோயில்கள் இடிந்து விழுந்தன. அதற்குப் பிறகும் எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைத்தான் வால்டேர் பாங்க்லாஸ் என்ற ஆசிரியராக்கினார்.

போர், மத விசாரணை, ராணுவத்துக்கு ஆள்பிடிப்பது என்று நூலின் ஓட்டம் மிக வேகம். ஓரிடத்தில் மட்டும் அது நிற்கிறது. தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாமில், ஊர் எல்லையில் கதைநாயகன் காண்டீட் தரையில் கிடக்கும் ஓர் ஆப்பிரிக்க அடிமையைப் பார்க்கிறான். இடது காலும் வலது கையும் இல்லை. அவன் விளக்குகிறான். ஆலையில் வேலை செய்யும்போது விரல் கல்லில் சிக்கினால் கையை வெட்டுவார்கள், தப்பி ஓடப் பார்த்தால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நடந்தது, ஐரோப்பாவில் நீங்கள் சர்க்கரை சாப்பிடுவது இந்த விலையில்தான். கைப்பிரதிகளை ஒப்பிட்டவர்கள் இந்தப் பகுதியை வால்டேர் பின்னால் சேர்த்தார் என்று காட்டியிருக்கிறார்கள். இங்கே அங்கதமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பேசுபவன் தன் குரலில் உண்மையைச் சொல்கிறான். முகமூடிகள் நிறைந்த கதையில் முகமூடி போடாத ஒரே குரல் அவனுடையதாகத்தான் எனக்குக் கேட்கிறது.

பிறகு ஒரு காட்சி. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் ஒரு கடற்படைத் தளபதியைக் கண்ணைக் கட்டிச் சுடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், மற்றவர்களுக்கு ஊக்கம் வருவதற்காக இந்த நாட்டில் அவ்வப்போது ஒரு தளபதியைக் கொல்வது நல்லது என்று பதில் வருகிறது. இது நடந்த சம்பவம். மினோர்கா தீவைக் காப்பாற்றத் தவறியதற்காக ஜான் பிங் 1757 மார்ச் 14 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். அதைத் தடுக்க வால்டேர் கடிதம் எழுதி முயன்றிருந்தார், முடியவில்லை.

இதற்கு ஒரு தொடர்ச்சி நம் மண்ணிலிருந்து வருகிறது. வந்தவாசிப் போரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1760 ஜனவரியில் அங்கே தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, அடுத்த ஜனவரியில் புதுச்சேரியையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டவர், தன் மீதான பழியைத் துடைக்கத் தானாகவே பிரான்சுக்குத் திரும்பினார். 1766இல் பாரிசில் அவர் தலையை வெட்டினார்கள். மக்களிடம் எதுவும் பேசிவிடக் கூடாது என்று வாயை அடைத்து அழைத்துப்போனார்கள். ஒரு முழு நிர்வாகத்தின் தோல்விக்கு ஓர் ஆள் பலி. காண்டீட்டில் இங்கிலாந்தைப் பற்றி வால்டேர் எழுதியது ஏழே வருடத்தில் பிரான்சிலேயே நடந்தது. இந்த முறை அவர் கதை எழுதவில்லை. லாலியின் மகனோடு சேர்ந்து அந்தத் தீர்ப்பை மாற்ற வருடக்கணக்கில் உழைத்தார். அதற்கு முன்பு துலூசில் ஜான் காலா என்ற புராட்டஸ்டண்ட் வணிகர் 1762இல் பொய்க் குற்றச்சாட்டில் சக்கரத்தில் கட்டிக் கொல்லப்பட்டபோதும் அப்படித்தான். மனு, கடிதம், சகிப்புத்தன்மை பற்றிய ஒரு நேரடி நூல். 1765இல் காலா நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். 1778 மே மாதம் லாலி மீதான தீர்ப்பு ரத்தானது. சாகக் கிடந்த வால்டேர் செய்தி கேட்டு லாலியின் மகனுக்கு நாலு வரி எழுதினார், அதுதான் அவருடைய கடைசிக் கடிதம். சில நாளில் இறந்துவிட்டார்.

ஏதாவது மாறியதா என்று கேட்டீர்கள். மாற்றியவை பெரும்பாலும் நேரடி எழுத்துகள்தான்: வுட்டின் காசு, காலா, லாலி. 'பணிவான யோசனை' அயர்லாந்தில் ஒரு சட்டத்தையும் மாற்றவில்லை. 1740, 41இல் அங்கே வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள், ஸ்விஃப்ட் அப்போதும் உயிரோடு இருந்தார். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறையை முதலில் உடைத்தது காண்டீட் அல்ல, 1791இல் செயின்ட் தொமிங்கில் (இன்றைய ஹைட்டி) எழுந்த அடிமைகளே. 1794இல் பிரான்ஸ் அதை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார், 1848இல்தான் முற்றாக முடிந்தது. அங்கதம் செய்தது வேறு வேலை. ஏழைகளைச் சுமை என்று கணக்குப்போட்டு ஒருவர் திட்டம் படிக்கும்போது, ஸ்விஃப்டைப் படித்தவருக்கு அந்தக் கனவானின் குரல் காதில் கேட்டுவிடும். அதன் பிறகு அந்தத் திட்டத்தை முன்போலக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இது சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

இவர்களைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். ஸ்விஃப்ட் ஆளும் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் ஆள். 1737இல் அவரே, இந்த முறை முகமூடி இல்லாமல், டப்ளின் பிச்சைக்காரர்களுக்கு அடையாள வில்லை மாட்ட வேண்டும், வெளியூர்ப் பிச்சைக்காரர்களை விரட்ட வேண்டும் என்று கடுமையாக எழுதினார். யூதர்களையும் ஆப்பிரிக்கர்களையும் பற்றி வால்டேர் இழிவாக எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. மாண்டெஸ்கியூ பாரசீகத்தைப் பார்த்ததே இல்லை, எல்லாம் பயண நூல்களிலிருந்து எடுத்தது. அடுத்தவர் குருட்டுத்தனத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்தவர்களுக்குத் தங்களுடையது தெரியவில்லை. ரொக்ஸானாவின் கடிதம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

படிக்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால் 'பணிவான யோசனை'யில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான். முடிந்தால் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் கேட்பவர் முகம் மாறுகிறது என்று பாருங்கள், அதற்கு எத்தனை வரி முன்பே மாறியிருக்க வேண்டும் என்று இருவரும் திரும்பிப் போய்த் தேடுங்கள். கடைசி வாக்கியத்தை அவசரப்படாமல் படியுங்கள். தன் யோசனையில் சுயநலம் துளியும் இல்லை என்று நிரூபிக்க அந்தக் கனவான் ஒரு காரணம் சொல்கிறார்: விற்று ஒரு பென்னி சம்பாதிக்கத் தன்னிடம் குழந்தை இல்லை, கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டது, மனைவிக்கும் பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டது.